பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

(கோவில்பட்டியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே!

இன்று சின்னப் பிள்ளைகள் விஷயம் பேசப் போகிறேன். பெரியவர்கள் "நமக்கில்லை" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். பேச்சு உங்களிடமும் வரும்.

நம் மக்தபில் ஓதும் ஒரு பையன். பெயர் வேண்டாம். அவனிடமும் அவன் வீட்டாரிடமும் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். அவனுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர். குழுக் கடன் தவணைக்காக வாரா வாரம் ஒரு டப்பாவில் பணம் எடுத்து வைப்பார். தவணை நாளன்று திறந்து எண்ணினால் 640 ரூபாய் குறைகிறது. வீட்டுக்காரரிடம் கேட்கிறார். அவர் எடுக்கவில்லை என்கிறார். முன்பு ஒருமுறை எடுத்தவர் என்பதால் இவர் நம்பவில்லை. அல்லாஹ் மீது சத்தியம் செய்கிறார், அதையும் நம்பவில்லை. வார்த்தை தடித்துப் போய், மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா சோற்றை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அத்தா சாப்பிடாமலே எழுந்துவிடுவார்.

இதையெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தப் பையன். எடுத்தவன் அவன்தான். நான்காம் நாள் ஓதல் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவன் எழவில்லை. "என்னப்பா?" என்றேன். பையிலிருந்து ஒரு கட்டு கார்டை எடுத்து முன்னால் வைத்து அழ ஆரம்பித்துவிட்டான். எல்லாம் விளையாட்டு வீரர் படம் போட்ட கார்டுகள். பாக்கெட் 10 ரூபாய், உள்ளே 5 கார்டு, ஆக 64 பாக்கெட். "கோல்டு கார்டு ஒண்ணு வந்தா போதும், நிறுத்திருவேன்னு நினைச்சேன் ஹஜ்ரத்" என்றான். வந்ததா என்று கேட்டேன். "23ஆவது பாக்கெட்டிலேயே வந்திருச்சு" என்றான்.

யோசித்துப் பாருங்கள். அவன் கேட்டது 23ஆவது பாக்கெட்டில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் 41 பாக்கெட் பிரித்திருக்கிறான்.

சகோதரர்களே! எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. 1980களில் நானும் இதே வேலையைச் செய்தவன். அப்போது பபிள்கம் தாளோடு கிரிக்கெட் வீரர் படம் வரும், ஒவ்வொன்றிலும் இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று போட்டிருக்கும். குறிப்பிட்ட ரன் சேர்ந்தால் புரட்டிப் பார்க்கிற சின்னப் புத்தகம் தருவார்கள். அத்தாவின் கடைக் கல்லாவிலிருந்து எட்டணா, ஒரு ரூபாய் என்று எடுத்தேன். கணக்கு குறைந்தபோது அத்தா கடையில் வேலை பார்த்த பையனைத்தான் ஏசினார். நான் அரிசி மூட்டைப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அத்தா மௌத்தாகி வெகுகாலம் கழித்துத்தான் அந்த அண்ணனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், தமக்கு ஞாபகமே இல்லை என்றார். எனக்கு இருக்கிறது.

ஸூரத்துல் மாயிதாவின் 90, 91 வசனங்களில் மதுவையும் சூதையும் அல்லாஹ் சேர்த்தே விலக்குகிறான். சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். காசு போய்விடும் என்று அங்கே சொல்லவில்லை. இவற்றைக் கொண்டு உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டு உங்களைத் தடுக்கவும் ஷைத்தான் நாடுகிறான் என்ற கருத்தைத்தான் சொல்கிறான். 640 ரூபாய் எப்படியோ புரட்டிக்கொள்ளலாம். அந்த வீட்டின் மூன்று நாளை யார் திருப்பித் தருவது?

"ஹஜ்ரத், கார்டு வாங்குவது எப்படி சூதாகும்? காசு கொடுத்தான், பொருள் கிடைத்தது" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறியாமைக் கால அரபிகளின் 'மைஸிர்' எப்படி இருந்தது என்று தஃப்ஸீர் நூல்கள் விளக்குகின்றன. ஒட்டகத்தை அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகள் ஒரு பைக்குள் இருக்கும். அவற்றில் ஏழுக்குப் பங்கு உண்டு: முதல் அம்புக்கு ஒரு பங்கு, அடுத்ததற்கு இரண்டு, இப்படியே ஏறி, 'முஅல்லா' என்ற அம்புக்கு ஏழு பங்கு. மீதி மூன்று வெறும் அம்பு. பையைக் குலுக்கி ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்றை உருவுவார்கள். முஅல்லா வந்தவன் ராஜா. வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஜெயித்தவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் சாப்பிடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பஞ்ச காலத்தில் பல குடும்பங்களின் பசி அதில் தீர்ந்தது. ஸூரத்துல் பகராவின் 219ஆவது வசனம் அதிலுள்ள பயனை மறுக்கவில்லை, பாவம் பயனை விடப் பெரிது என்கிறது. ஏழைக்குச் சோறு போட்ட சூதுக்கே இதுதான் நிலை.

அந்தப் பையையும் இந்தப் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே கோல்டு கார்டுதான் முஅல்லா. மற்றவை எத்தனையோ முறை வந்த அதே முகங்கள், வெறும் அம்புகள்.

நபி (ஸல்) அவர்கள் கல்லெறி வியாபாரத்தையும், 'கரர்' வியாபாரத்தையும் தடுத்தார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கல்லை எறிவது, அது எந்தத் துணியில் விழுகிறதோ அந்தத் துணி உனக்கு, விலை முதலிலேயே பேசியாகிவிட்டது. இது கல்லெறி வியாபாரத்தில் ஒரு வகை. கரர் என்றால் வாங்கும் பொருள் இன்னதென்று தெரியாத நிலை. அதற்காக உலமாக்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. வீடு வாங்குகிறவன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. மாதுளையை உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. இப்படித் தவிர்க்க முடியாத சிறு மறைவு மன்னிக்கப்பட்டது. யாரோ ஒரு பிள்ளை 'எந்தப் படம் வந்தாலும் சரி' என்று ஒரு பாக்கெட் வாங்கி, கொடுத்த காசுக்கு அந்த ஐந்து படமே போதும் என்று வைத்துக்கொண்டால் விஷயம் லேசு. ஆனால் கையில் இருப்பவனுக்கு அது வேண்டாம், வராத ஒன்றுக்காகத்தான் காசு கொடுக்கிறான் என்றால், அவன் வாங்குவது அட்டையை அல்ல, வாய்ப்பை. இக்கால உலமாக்களில் பலர் இதைச் சூதோடு சேர்ப்பது இதனால்தான். உருவப்படம் பற்றிய சட்டம் தனி, இன்று அதற்குள் போகவில்லை.

கணக்கும் கொஞ்சம் பாருங்கள். ஒரு தொகுப்பில் 100 கார்டு என்று வையுங்கள். அரிதானது என்று எதுவும் இல்லை, எல்லாம் சம அளவில் கலந்திருக்கிறது. நூறையும் சேர்க்க எத்தனை கார்டு வாங்க வேண்டும்? பிள்ளை 100 என்று நினைக்கிறது. கணக்குப்படி சராசரியாக 500க்கு மேல். கடைசியாக மிஞ்சுகிற அந்த ஒரு கார்டுக்கு மட்டும் சராசரியாக 100 கார்டு பிரிக்க வேண்டியிருக்கும். 200 ரூபாய் என்று ஆரம்பித்தது 1,000 ரூபாயைத் தாண்டுகிறது. சிலதைக் குறைவாக அச்சடித்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் 1880களில் சிகரெட் பாக்கெட்டில் தொடங்கியது. பாக்கெட் நசுங்காமல் இருக்க வைத்த அட்டையில் ஆட்டக்காரர் படம் போட்டார்கள். பிறகு மிட்டாய்க்கும் பபிள்கம்முக்கும் வந்தது. 1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, நம் காசுக்குச் சுமார் 100 கோடி. இந்தச் செய்தியைப் பிள்ளைகள் போனில் பார்த்துவிடுகின்றன. ஆனால் அதே வருடத்துக் கார்டுகள் விற்காமல் தேங்கி, பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டியதாக அதை உருவாக்கியவரே பிற்காலத்தில் சொன்ன கதை போனில் அவ்வளவாக வருவதில்லை. விளையாட்டுச் செயலிகளில் காசு கட்டித் திறக்கிற 'பரிசுப் பெட்டி'களை 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சூது என்றே சொல்லிவிட்டது. மார்க்கம் பேசாதவர்களுக்கும் இது புரிகிறது.

நம் கரிசல்காட்டுக்கு இது புதிதும் அல்ல. பெட்டிக்கடையில் தொங்கும் பிரைஸ் அட்டையைக் கிழிக்காதவர் இங்கே எத்தனை பேர்? பிறகு சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரி வந்தது. கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் லாட்டரிக் கடை வாசலில் ரிசல்ட்டுக்குக் காத்து நின்ற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். 2003இல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்த பிறகுதான் பல வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. அந்த ரிசல்ட்டுக்கு நின்றவர்களும் பிரைஸ் அட்டையில்தான் பழகியிருப்பார்கள்.

நல்ல பழக்கமும் நம்மிடம் இருந்தது. தீப்பெட்டிப் படம் சேர்ப்பது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று இந்த வட்டாரமே தீப்பெட்டியில் பிழைக்கிறது. மயில் படம், கப்பல் படம், சாவி படம் என்று கிழித்துக் கிழித்து நோட்டில் ஒட்டுவோம். பெட்டியின் மேலேயே படம் தெரியும், உள்ளே குச்சி அடுப்புக்கு ஆகும். ஏமாற்று இல்லை. ஆனால் அதையே தரையில் வைத்துக் கல்லால் அடித்து, ஜெயித்தவனுக்கு எல்லாம் என்று ஆடினோமே, அது வேறு. பிள்ளைகள் வாதுமைக் கொட்டையைப் பணயமாக வைத்து ஆடுவதும் மைஸிர்தான் என்று முஜாஹித், அதாஃ, தாவூஸ் போன்ற தாபியீன்கள் சொன்னதாக தஃப்ஸீர்களில் இருக்கிறது. கொட்டைக்கு என்ன விலை! கை எதற்குப் பழகுகிறது என்று பார்த்தார்கள்.

போன வாரம் ஒரு விவசாயச் சகோதரர் கேட்டார்: "மழைக்கு முன்னாடியே புழுதியில உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிறோம். மழை பெய்யுமான்னு தெரியாது. இதுவும் சூதுதானே ஹஜ்ரத்?" நல்ல கேள்வி. மானாவாரிக்காரன் போல நிச்சயமில்லாமல் வாழ்கிறவன் யார்? ஆனால் அவன் உழுதிருக்கிறான், விதை போட்டிருக்கிறான், தன் கையில் உள்ளதைச் செய்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான். அது தவக்குல். விளைந்தால் இன்னொருவன் நஷ்டத்தில் விளைவதில்லை, காக்கை குருவியும் சேர்ந்து தின்கிறது. பாக்கெட் பிரிக்கிறவன் என்ன உழுதான்?

பெற்றோர்களே! இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கார்டுகளைக் கிழித்து எறியாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரையைப் பார்த்து, இது என்ன என்று விசாரித்து, சிரித்தார்கள். அபூ உமைர் என்ற சிறுவனின் குருவி இறந்தபோது அவனிடம் அதைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளை எதை நேசிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகனுக்கு எந்த ஆட்டக்காரரைப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? ஹாக்கி மைதானத்துக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்க்காரர்தான். அவர் படத்தை இந்தப் பாக்கெட்டுகளில் நான் பார்த்ததில்லை. அவர் ஓடிய மைதானமோ நம் ஊரிலேயே இருக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம் தட்டியது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நீங்களும் கார்டைப் பிரித்து, தனித்தனியாக விலை போட்டு விற்றுப் பாருங்கள். இது இவ்வளவு, அது அவ்வளவு. பார்த்து வாங்கட்டும். லாபம் குறையும். குறைகிற அந்தப் பணம் எதற்காக வந்துகொண்டிருந்தது என்று அப்போது தெரிந்துவிடும்.

'வா, சூதாடலாம்' என்று தோழனிடம் வாயால் சொன்னவனே தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். முதலில் அத்தா அம்மா இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து உண்மையைச் சொல் என்றேன். சொன்னான். அவனுடைய அத்தா அடிக்கவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மனைவியைப் பார்த்து, "இப்பவாவது நம்புறியா?" என்று மட்டும் கேட்டாராம். அந்த அம்மா அழுததை அவனால் என்னிடம் சொல்லி முடிக்க முடியவில்லை. பெருநாள் காசிலிருந்தும் வாரச் செலவுக் காசிலிருந்தும் 640 ரூபாயை டப்பாவில் திரும்பப் போட்டு வருகிறான். இதுவரை 110 ஆகியிருக்கிறது.

320 கார்டுகளையும் என்ன செய்வது என்று கேட்டான். எரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று அஸருக்குப் பிறகு மதரஸா திண்ணையில் விரித்து வைப்பான். ஒன்றுக்கு ஒன்று, முகம் தெரிய வைத்து, இருவரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அதில் குற்றமில்லை. இரட்டை கார்டு வைத்திருக்கும் பிள்ளைகள் கொண்டு வாருங்கள். பிரிக்காத பாக்கெட்டை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.