பிரித்தெடுக்கும் நூல்

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் எதிர்வீட்டு வங்காளத்து அம்மாளை நான் 'மாசிமா' என்றுதான் கூப்பிடுவேன். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நம் வாயில் புழங்கும் 'கந்தை'யும் அந்தக் 'காந்தா'வும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை என்று பிறகுதான் அறிந்தேன்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைகள் மூன்று, நான்கு. தரையைத் துடைத்து முதல் சேலையை விரித்து, மூலைக்கொரு செங்கல் வைப்போம். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ளங்கையால் நீவ வேண்டும். பிறகு வெள்ளை நூல் கோத்து, நடுவில் தொடங்கி, மூன்று விரற்கடைக்கு ஒன்றாக நீளநீளத் தையல். அடுக்குகள் நழுவாமலிருக்க இது. பொடித் தையல் அந்த இடத்தை நிறைத்ததும் இதை உருவி எடுத்துவிடுவோம்.

முதல் முறை நான் விளிம்பில் தொடங்கிவிட்டேன். சுற்றி வந்தபோது நடுவில் துணி உப்பி நின்றது. அது ஒதுங்க இடமே இல்லை. மாசிமா ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி விரித்தார்.

உருவி எடுக்கும் அந்த நூல் இப்போது நினைவுக்கு வருவது என் ஜபத்தால்தான். அம்மா எனக்குத் தந்த துளசிமணி மாலையில் நாற்பது வருடமாகத் தினமும் 108 முறை ராமநாமம் சொல்லிவருகிறேன். சில மாதங்களாக மாலை பாதியில் நின்றுவிடுகிறது. வாய் அசைவதில்லை, எண்ணிக்கை இல்லை. மனம் மட்டும் அங்கேயே இருக்கிறது. அப்படியானால் எண்ணிய வருடங்கள் வீணா? இந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

அப்போதுதான், பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் பௌத்த விநய பிடகத்தில் தையலைப் பற்றிய ஒரு சொல் அகப்பட்டது. பிக்குகள் சீவரத் துணியைக் 'கடினம்' என்ற சட்டத்தில் விரித்துக் கட்டித் தைத்தார்கள். தையல் கோணிப்போயிற்று. வழிகாட்ட ஒரு நூல் வைத்துக்கொள்ளப் புத்தர் அனுமதித்தார். அதன் பெயர் 'மோகசுத்தகம்'. இந்த மோகம் ஆசை அல்ல. பாலியில் வீண் என்று பொருள். சுத்தம் என்பது நூல். தச்சர் மரத்தில் கறுப்பு நூலால் கோடு போடுவதுபோல மஞ்சள் நூலால் அடையாளமிடுவது என்று உரைகாரர் விளக்குகிறார்.

வீண் நூலாம். அந்தப் பெயரை என்னால் ஒப்ப முடியவில்லை. அது துணியில் தங்கவில்லை, அவ்வளவுதான்; துணி நேராக நிற்பதே அதனால்தானே? ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைச் சுமக்க வேண்டாம் என்று புத்தரே சொல்கிறார். மச்சிம நிகாயத்தின் அந்த உவமையில் வரும் ஆள்கூட, இது எனக்குப் பெரிதும் உதவியது என்று நினைத்துப் பார்த்த பிறகே அதை விட்டுப் போகிறான்.

"எப்படியும் பிரிக்கப்போறதை எதுக்கும்மா தைக்கணும்?" என்று என் மகள் ஜபத்தைப் பற்றிக் கேட்கிறாள். அவள் துணியில் இன்னும் ஊசியே இறங்கவில்லை. பிரிக்கும் உரிமை தைத்த கைக்குத்தான் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரிக்காமல் விடுவதும் பிழைதான். அந்த நூல் கால்விரலில் மாட்டி, நைந்த சேலையையே கிழித்துவிடும். மணி உருட்டுவதே பக்தி என்று நின்றுபோனவர்களை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

என் தையல் எதுவரை வந்திருக்கிறது? முழுவதும் முடியவில்லை, அது தெரியும். மாசிமாவும் எல்லா நூலையும் ஒரே நாளில் உருவ விடமாட்டார். தைத்து முடிந்த பகுதியில் மட்டும்.

இன்று காலை மனம் நழுவியது. மாலையை எடுத்து, முதல் மணியிலிருந்து 108 எண்ணினேன்.