சொக்கப்பனை வெளிச்சம் யாருக்கு?

ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்து 'கூதிர்' என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். மழை ஓயாது, வாடைக்காற்று எலும்பைத் துளைக்கும், ஆறு மணிக்கே இருட்டிவிடும். இப்படிப்பட்ட மாலையில் தீயைப் பார்த்தாலே மனசுக்கு ஓர் இதம்தான், இல்லையா?

திருக்கார்த்திகை அன்று வாசலில் அகல்களை ஏற்றி, பொரி உருண்டையும் அப்பமும் நைவேத்தியம் செய்துவிட்டு, குழந்தைகளோடு கோயிலுக்குப் புறப்படுவோம். அங்கே பனைமரத்தை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலைகளைக் கட்டியிருப்பார்கள். சுவாமி எழுந்தருளியதும் தீபாராதனை காட்டி அந்தச் சொக்கப்பனையைக் கொளுத்துவார்கள். சடசடவென்று தீ மேலே ஏறும்போது, அடிமுடி காணமுடியாத ஜோதியாக ஈசன் நின்ற காட்சி கண்முன் விரியும். பெருமாள் கோயில்களிலும் சொக்கப்பனை உண்டு. எரிந்து தணிந்ததும் அந்தக் கரியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். கிராமங்களில் வயலிலும் தூவுவார்கள்.

பிள்ளைகளுக்கோ மாவலி! ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நெருப்பூட்டிக் கயிற்றால் சுழற்றினால் பொறிகள் பூவாகச் சொரியும். "மாவலியோ மாவலி!" என்ற கூவலில் தெருவே களைகட்டும்.

இந்த மகிழ்ச்சிக்கு நடுவே மனசில் ஒரு கேள்வி எழும். பக்கத்து வீட்டில் இந்த வருஷம் ஒரு சாவு. "எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். எதிர் வீட்டில் பிறந்து பத்து நாளான சிசு. மாடியில் இதய நோயாளியான பெரியவர். இவர்களுக்கு நடுவில் நாம் மட்டும் கொண்டாடி மகிழலாமா?

கார்த்திகை தீபம் ஏற்றும்போது சொல்கிற ஒரு ஸ்லோகத்துக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது. புழு, பறவை, கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் வாழும் ஜீவன்கள், மனிதர்களில் எவரானாலும் சரி, இந்த தீபத்தைக் கண்டால் மறுபிறவி நீங்கி நலம் பெறட்டும் என்பது அதன் பொருள். காஞ்சி மகா பெரியவர் 'தெய்வத்தின் குரல்' நூலில் இதை அழகாக விளக்கியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள்... விளக்கை ஏற்றுபவள் தனக்காக எதுவும் கேட்கவில்லை. கொசுவுக்காகக்கூடப் பிரார்த்திக்கிறாள்!

சங்க காலத்துப் பெண்ணும் இப்படித்தான். அகநானூற்றில் நக்கீரர் பாடிய 141-ஆம் பாட்டில், கார்த்திகை விழாவுக்குத் தெருவெங்கும் விளக்கேற்றி மாலைகள் தொங்கவிடுகிறார்கள். பொருள் தேடப் பிரிந்துபோன தலைவன், ஊரார் பலரோடும் கூடி அதைக் கொண்டாட வந்துசேர வேண்டும் என்று தலைவி ஏங்குகிறாள். துணை இல்லாமல் அவளுக்கு விளக்கும் இனிக்கவில்லை.

2024-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி, பெருமழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த மாதம் 13-ஆம் தேதி அதே மலை உச்சியில் மகா தீபம் ஏற்றினார்கள்; பக்தர்கள் மலையேற மட்டும் அனுமதி இல்லை. துக்கம் நடந்த இடத்தில் விளக்கேற்றியது தவறா? தவறில்லை என்றே தோன்றுகிறது. அந்த ஒளி, கொண்டாட வந்தவர்களுக்கும் அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் எரிந்தது.

ஆகவே, மகிழ்வதில் பாவமில்லை. ஆனால், ஒளிக்கும் சத்தத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வேண்டாம் என்று கதவைச் சாத்தினால் ஒளி வெளியிலேயே நின்றுவிடும். அணுகுண்டு வெடியின் சத்தம் சாத்திய கதவையும் தாண்டிப்போய்த் தொட்டிலை உலுக்கும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கிராமத்தார், தங்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஸ்லோகத்தை வாழ்ந்து காட்டுகிறவர்கள் அவர்கள்!

இந்தக் கார்த்திகைக்கு நாமும் சிலவற்றைச் செய்யலாம். பிள்ளைகளுக்குப் பருத்தி உடை உடுத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு, மத்தாப்போ மாவலியோ சுற்றவிடுங்கள். காதைப் பிளக்கும் வெடிகளை விட்டுவிடுங்கள். சொக்கப்பனைக்குப் போகும்போது, தனியாக இருக்கும் பாட்டி யாராவது இருந்தால் கைபிடித்து அழைத்துப்போய், தீ தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரவையுங்கள். பண்டிகை இல்லாத வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவது நம்மிடம் இருக்கிற வழக்கம்தான். இந்த முறை கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

நீங்கள் ஏற்றும் அகல் உங்கள் வாசலுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்கும் சேர்த்தே எரியட்டும். அண்ணாமலையார் அருள் எல்லோருக்கும் கிட்டட்டும்!