முதன்மை விண்ணப்பதாரர்

எங்கள் குடியிருப்பில் மாலை நடைக்கு வருகிறவர்களின் பேச்சு ஒரு காலத்தில் முட்டிவலி, பென்ஷன் அரியர்ஸ், மருமகள் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நடுநடுவே சியாங் மாய், பினாங்கு, போர்ச்சுகல் என்று ஊர்ப்பெயர்கள் வந்து விழுகின்றன. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கோஸ்டா ரிக்காவைப் பற்றி வாரம் முழுக்கப் பேசினார். அங்கே மலைப்பக்கத்து ஊர்களில் ஃபேன்கூட வேண்டாமாம்.

‘இன்டர்நேஷனல் லிவிங்’ என்ற பத்திரிகை ஆண்டுதோறும் ஓய்வுக்காலத்துக்கு ஏற்ற நாடுகளை வரிசைப்படுத்துகிறது. பனாமா, போர்ச்சுகல், கோஸ்டா ரிக்கா, மெக்சிகோ ஆகியவை முன்னும் பின்னுமாக அடிக்கடி மேலே வரும். தட்பவெப்பம், வாடகை, மருத்துவம், விசா என்று தலைப்புவாரியாக மதிப்பெண். நானும் அதைக் கர்ம சிரத்தையாகப் படிப்பவன்தான். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறுத்துகிறது. மதிப்பெண் போடுகிறவர் மனதில் இருப்பது அறுபத்திரண்டு வயதில் கைகால் நன்றாக இருக்கிற, ஜோடியாகப் போகிற ஆள். கடைசிவரை அங்கே இருக்கப்போகிறவரோ எண்பத்து நான்கு வயதில், பெரும்பாலும் தனியாக இருக்கப்போகிற ஒருவர். நம் வீடுகளில் கணவன் நாலைந்து வயது மூத்தவன் என்பதால், அந்த ஒருவர் மனைவியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் கணவன் எடுத்துக்கொள்கிறான்.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பினாங்கு மேல் ஒரு கண் உண்டு. ஒருமுறை ஜார்ஜ் டவுனில் சில வாரங்கள் வாடகைக்குத் தங்கினோம். பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ‘ஐந்தடி’ நடைபாதை அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மழை கொட்டினாலும் நனையாமல் கடைவீதி முழுக்க நடந்துவிடலாம். பைக்கை நிறுத்தி அடைத்துவைக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அது வேறு. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அந்த வட்டாரத்தில் காய்கறிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா என் மனைவி முருங்கைக்காயை வளைத்துப் பார்த்ததும், “அதெல்லாம் முத்தல்மா, இங்க வாங்க” என்று உள்ளே வைத்திருந்த கட்டை எடுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற சீனக் கிழவியிடம் மலாயில் விலை சொன்னார், பையனை ஆங்கிலத்தில் திட்டினார். அன்று இரவு மனைவி, “இங்க இருந்திடலாம் போலிருக்கே” என்றாள். நான் உடனே விசா விதிகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அவள் சொன்னது முருங்கைக்காயைப் பற்றி என்பது பிறகுதான் புரிந்தது.

‘மலேசியா, எனது இரண்டாவது இல்லம்’ என்ற திட்டம் 2002 முதல் அந்தப் பெயரில் நடக்கிறது. வெளிநாட்டுக்காரர் வங்கியில் வைப்புத்தொகை போட்டு, வருமானத்தைக் காட்டி, நீண்ட காலம் தங்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை, மாதம் பத்தாயிரம் ரிங்கிட் வருமானம் என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2021-இல் ஒரே அறிவிப்பில் வைப்புத்தொகை பத்து லட்சம் ரிங்கிட் ஆனது, மாத வருமானம் நாற்பதாயிரம் ஆனது, பத்தாண்டு விசா ஐந்தாண்டாகச் சுருங்கியது. ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியேறிவிட்டவர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் முதலில் சொன்னார்கள். கூச்சல் எழுந்த பிறகே அவர்களுக்குத் தளர்த்தினார்கள். 2024-இல் விதிகள் மறுபடி மாறின. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தட்டுகள் வைத்தார்கள். வெள்ளித் தட்டுக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, மேலே ஒரு வீடும் வாங்கியாக வேண்டும். என் பினாங்கு அத்தோடு முடிந்தது.

மலேசியாவை மட்டும் சொல்வதற்கில்லை. போர்ச்சுகல் 2009-இல் ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தது. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு வரியே இல்லாத நிலை அதனால் வந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் முதியவர்கள் வந்து குவிந்தார்கள். எங்கள் ஓய்வூதியர்கள் எங்குமே வரி கட்டாமல் தப்பிக்கிறார்கள் என்று பின்லாந்து கோபித்துக்கொண்டு, அந்த நாட்டோடு இருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. 2020-இல் புதிதாக வருகிறவர்களுக்குப் பத்து சதவீத வரி வந்தது, 2024-இல் பழைய சலுகையின் கதவே மூடப்பட்டது. எந்த நாடும் நம்மை மணம் முடித்துக்கொள்வதில்லை. பணம் கொண்டுவரும் விருந்தாளியாக வைத்துக்கொள்கிறது, விருந்தாளிகள் கூடிவிட்டால் விலையை ஏற்றுகிறது. அது அவர்கள் உரிமை. ஆனால் அறுபத்தைந்தில் விலையேற்றத்தைச் சமாளித்து வேறு ஊர் பார்க்கிறவர், எண்பதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

பணக்கணக்கிலும் இந்த வயது வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பனாமாவின் ஓய்வூதியர் விசாவை எல்லோரும் புகழ்வார்கள். வாழ்நாள் ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர் வந்தால் போதும், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 250 டாலர். விமான டிக்கெட், மருத்துவர் கட்டணம் எல்லாவற்றிலும் தள்ளுபடி வேறு. கணவன் மனைவிக்கு 1,250 டாலர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இது எட்டும். அவர் காலமானபின் என்ன ஆகும்? நம் பழைய ஓய்வூதிய முறையில் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் ஆரம்பச் சில ஆண்டுகள் கழிந்தால் 30 சதவீதம்தான். வயதான பிறகு இறந்தவரின் மனைவிக்கு நேராகவே 30. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அறுபத்தாறாயிரமாகிவிடும். அந்தப் பெண்மணி தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்தால், ஒற்றை ஆளுக்கான ஆயிரம் டாலர்கூடத் தேறாது. கணவனை இழந்த அடுத்த மாதமே அவர் விசாவுக்கும் தகுதி இழந்து நிற்பார்.

லண்டனில் நாற்பது ஆண்டு வேலை செய்த ஈழத்தமிழர்கள் சிலருக்கு ஓய்வுக்காலத்தில் யாழ்ப்பாணம் திரும்ப வேண்டும் என்று ஆசை. ஊர், மொழி, உறவு எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்துக்கு ஒரு விசித்திர விதி உண்டு. ஓய்வூதியர் எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஆண்டு உயர்வு தருவார்கள். அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரிஷியஸ் போனால் உயர்வு உண்டு. கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா, இலங்கை போனால் கிளம்பிய அன்றைய தொகையிலேயே உறைந்துவிடும். மொரிஷியஸில் போய் உட்கார்ந்தவருக்கு ஆண்டுதோறும் ஏறும் தொகை, நல்லூரில் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு ஏறாது. முதல் நான்கைந்து ஆண்டு இது உறைக்காது. இருபதாம் ஆண்டில், மருந்துச் செலவு கூடும்போது, நன்றாக உறைக்கும். கனவு நாடாக இல்லாமல் சொந்த நாடாக இருந்தாலும் கணக்கு இப்படி உதைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

“எதுக்கு இவ்வளவு அலையணும், பிள்ளைங்க இருக்கிற நாட்டுக்குப் போயிட வேண்டியதுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் மகள் மெல்பர்னில் இருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விசாவில் காத்திருப்பு முப்பது ஆண்டுக்கும் மேல் என்கிறார்கள். இன்று விண்ணப்பித்தால் நான் தொண்ணூறைத் தாண்டியபின் கூப்பிடுவார்கள். வேகமாகப் போக வேறொரு விசா உண்டு. அதற்கு ஆளுக்கு நாற்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்ட வேண்டும், அதிலும் பல ஆண்டு வரிசை. கனடாவின் சூப்பர் விசா பரவாயில்லை, ஒரே தடவையில் ஐந்தாண்டு தங்கலாம். ஆனால் ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எழுபது வயதில், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு அதன் பிரீமியத்தை விசாரித்துவிட்டு அந்தக் கனவை எடைபோடுவது நல்லது. சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்: பிள்ளைகள் வீட்டுக்குப் போவது பாதிப் பேருக்கு ஓய்வே இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் புதிய உத்தியோகம். அதைச் சந்தோஷமாகச் செய்கிறவர்கள் உண்டு என்பதும் உண்மை.

நோயைப் பற்றி இந்த வரிசைப் பட்டியல்கள் பேசுவது ‘உலகத்தரமான மருத்துவமனை’ என்ற அளவில் நின்றுவிடும். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்க சியாங் மாய் போதும், பினாங்கும் போதும். மறதி நோய்க்கு? மார்ட்டின் வுட்லி என்ற சுவிஸ்காரர் தன் தாய்க்கு அல்சைமர் வந்தபோது அவரைத் தாய்லாந்துக்கு அழைத்துவந்து பார்த்துக்கொண்டார். அதிலிருந்து சியாங் மாய் அருகே, ஜெர்மன் பேசும் முதியவர்களுக்கான பராமரிப்பு இல்லம் ஒன்று உருவானது. ஒவ்வொருவருக்கும் முறைவைத்து தாய்லாந்துப் பெண்கள் கூடவே இருப்பார்கள். சுவிட்சர்லாந்தில் அந்தக் கவனிப்புக்கு ஆகும் காசு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. இதைப் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு கவனித்தேன். அங்கே போய்ச் சேர்ந்த தாய்க்கு அந்த முடிவை எடுத்துக் கூடவே வந்து நின்ற மகன் ஒருவர் இருந்தார். தானே நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தனியாக வந்தவருக்கு மறதி தொடங்கினால், அதை முதலில் கண்டுபிடிப்பது யார்? வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரா?

ஜப்பான்காரர்கள் இதை அரசாங்கத் திட்டமாகவே யோசித்துப் பார்த்தார்கள். 1986-இல் அவர்களுடைய வர்த்தக, தொழில்துறை அமைச்சகம் ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் ஓய்வூதியர் ஊர்கள் கட்டலாம் என்றது. கிழவர்களையும் ஏற்றுமதி செய்யப்போகிறீர்களா என்று உள்ளேயும் வெளியேயும் கேட்டார்கள், திட்டம் அந்த வடிவில் எழவில்லை. ஆனால் பின்னால் ஜப்பானிய முதியவர்கள் தாங்களாகவே மலேசியாவின் கேமரன் மலைக்கு வர ஆரம்பித்தார்கள். பலர் ஊரில் வீட்டை வைத்துக்கொண்டே, குளிர்காலத்துச் சில மாதங்களுக்கு மட்டும். அரசாங்கம் யோசித்ததைவிட இது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். உடம்பு ஓடும்வரை போய்வருவது, வீடு வாங்காமல் வாடகைக்கு இருப்பது, ஊரில் சாவியைக் கொடுத்துவைக்க ஓர் ஆளை விட்டுவைப்பது.

கடைசியில் எங்களுக்கு எட்டக்கூடியதாக மிஞ்சியது தாய்லாந்து. ஐம்பது வயது ஆகியிருந்து வங்கியில் எட்டு லட்சம் பாட், நம் கணக்கில் இருபது லட்சத்துக்கு மேல், போட்டுவைத்தால் ஆண்டுக்கு ஆண்டு தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கலாம். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். நிலம் வாங்க முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சியாங் மாயில் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும், அந்த மாதங்களில் ஊர் திரும்பிவிடலாம். இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன். அவள் துவைத்த துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க போய்ட்டா நான் அங்க எந்த விசால இருப்பேன்?” என்றாள்.

அதற்கு நான் விதிகளைப் படித்திருக்கவில்லை. அன்றிரவு படித்தேன். அவளும் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், என்னைவிட ஐந்து வயது இளையவள், மூட்டுவலியைத் தவிர வேறு உபாதை இல்லாதவள். ஆகவே போவதென்றால் விண்ணப்பம் அவள் பெயரில்தான், எட்டு லட்சம் பாட் அவள் கணக்கில்தான், நான் அவளைச் சார்ந்து உடன் போகும் ஆள் என்று முடிவாகியிருக்கிறது. பணத்தை மாற்றும் விவரத்தை வங்கியில் விசாரிக்கப் போனபோது அங்கிருந்த இளைஞர் படிவத்தை வழக்கம்போல என் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “உறவுமுறைங்கிற இடத்துல இவருக்கு என்ன போடணும் தம்பி?” என்று கேட்டாள்.