தப்பித்தவனின் ஸ்தோத்திரம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். அக்டோபரில் எங்கள் கம்பெனியில் லேஆஃப். பன்னிரண்டு பேர் இருந்த டீமில் ஐந்து பேருக்கு வேலை போய்விட்டது. "கர்த்தர் என்னை மட்டும் பத்திரமா காத்துக்கிட்டார், ஸ்தோத்திரம்" என்றேன். சபையும் ஸ்தோத்திரம் என்றது. உட்காரும்போதுதான் கவனித்தேன். மூன்று பெஞ்ச் தள்ளி, அந்த ஐந்து பேரில் ஒருவரான அண்ணன், மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அவரும் ஸ்தோத்திரம் சொல்லியிருந்தார்.

என்னைக் காத்தவர் அப்போ அவரை என்ன செய்தார்?

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், பரிசேயனின் ஜெபம் நன்றியோடுதான் தொடங்குகிறது. மற்றவர்களைப் போலத் தான் இல்லை என்பதற்காக நன்றி. ஆயக்காரன் நன்றியே சொல்வதில்லை, இரக்கம் மட்டும் கேட்கிறான். நீதிமானாக வீடு திரும்புவது அவன்தான். சண்டே ஸ்கூலிலிருந்து இதைப் பெருமைக்கு எதிரான கதையாகவே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது நன்றியைப் பற்றிய கதையாகவும் தெரிந்தது. வேலை இருப்பதற்கு நன்றி சொன்னது தப்பில்லை. அவருக்குப் போய் எனக்கு இருப்பதைக் கர்த்தர் செய்த தேர்வு மாதிரிச் சொன்னதுதான் தப்பு.

அதற்காக நன்றியே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. திருவிருந்துக்கு 'யூக்கரிஸ்ட்' என்றொரு பெயர் உண்டு. நன்றி சொல்லுதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிறிஸ்தவ ஆராதனையின் நடுவில் இருப்பதே நன்றிதான். ஆனால் அது சொல்லப்பட்ட நேரத்தைப் பாருங்கள். இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரி. அப்பத்தை எடுக்கிறார், நன்றி சொல்கிறார், பிட்கிறார், கொடுக்கிறார். தப்பித்ததற்காகச் சொன்ன நன்றி இல்லை அது, அவர் தப்பிக்கவே இல்லையே. கையில் இருந்த அப்பத்துக்காகச் சொல்கிறார். உடனே அது மற்றவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

நான் நன்றி சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணே, ரெஸ்யூமே அனுப்புங்க. தெரிஞ்ச இடத்துல எல்லாம் கேட்டுப் பார்க்கிறேன்."

"ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டிருக்கலாமே தம்பி" என்று சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரிடம் இதைக் கேட்க ரெண்டு மாசம் ஆகியிருக்கிறது.