குட்டியின் கட்டி

மயிலாப்பூர்த் தெருவில் துள்ளும் நாய்க்குட்டியின் காதோரம் ஒரு கட்டியைக் காண்கிறோம். புற்றோ என நாம் கலங்குகிறோம், குட்டியோ வாலாட்டுகிறது. அறுத்தெறியத் தூண்டுவது அதன் நோவா, நம் அச்சமா?

இளநாய்களுக்கு வரும் ஹிஸ்டியோசைட்டோமா என்னும் கட்டி பெரும்பாலும் 2, 3 மாதங்களில் தானே மறைந்துவிடும். ஆயினும், இது அதுதான் என்று வெறுங்கண்ணால் உறுதி கூற மருத்துவராலும் இயலாது. ஊசியால் உயிரணுக்களை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

அதற்கு நாயைத் தொட வேண்டுமே என்பார் உளர். எச்சில் பட்டால் கழுவச் சொல்லும் சட்டம் நம் தூய்மையைப் பற்றியது. அதன் துன்பத்தைக் காணாதிருக்கத் தந்த அனுமதி அன்று. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரை இறைவன் மன்னித்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். அந்தத் தாகத்தை நாக்கே சொல்லிற்று. கட்டி வாய் திறப்பதில்லை. அதைப் பேசவைக்கும் ஊசி, 1903இல் தோன்றிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது.