கறுத்த திரையும் எலியாவின் அப்பமும்



சென்ற சனிக்கிழமை காலை ஒரு அம்மா, பேரனின் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டுப் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். “அஞ்சு நிமிஷம் உட்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கணினியின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறியும் சுற்றியது. திரை மட்டும் கறுத்தே கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு கீச்சொலி. சற்று நின்று, மறுபடியும் அதே ஒலி. அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன். பெட்டியின் தலையில் இரண்டு தட்டும் தட்டினேன். பொறுமையைப் பற்றிப் போன மாதம்தான் இதே இடத்தில் நின்று பிரசங்கம் வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கும் அது நினைவுக்கு வந்திருக்கும். பெரிய மனசு, ஒன்றும் சொல்லவில்லை.

உபதேசியார் போய், பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் பழைய பீடப்பணியாளர் தம்பியைக் கூட்டி வந்தார். யார் கெடுத்தது என்று அவன் கேட்கவில்லை. “இது பழசு, வேற வாங்கிருங்க ஃபாதர்” என்றும் சொல்லவில்லை. முதலில் சுவரிலிருந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். பிறகு யூபிஎஸ். பிறகு மானிட்டர் வயரை இரண்டு முனையிலும் அழுத்திவிட்டான். அப்புறம்தான் அந்த ஒலிக்குக் காது கொடுத்தான்.

அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். கணினியை எழுப்பியதும், திரை ஒளிர்வதற்கு முன்னாலேயே, அது தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறதாம்: பிராசசர் சரியா, நினைவகம் சரியா, படம் காட்டும் கார்டு சரியா என்று. அந்த நேரத்தில் குறை தென்பட்டால் அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை, திரைதான் இன்னும் விழிக்கவில்லையே! அதனால் கத்துகிறது. எத்தனை முறை, எவ்வளவு நீளமாக என்பதில்தான் செய்தி இருக்கிறது. எங்கள் பெட்டியில் அந்த நீண்ட ஒலிக்கு, நினைவகம், அதாவது ரேம், சரியாக உட்காரவில்லை என்று பொருள். உதவி கேட்ட ஒன்றைத்தான் நான் தலையில் தட்டியிருக்கிறேன்.

நம் வீடுகளில் இப்படிக் கத்துகிறவர் யார்? சொல்லத் தெரியாத வேதனையைக் கோபமாகவும், குடியாகவும், கதவை அறைவதாகவும் வெளியே விடுகிற பிள்ளை, கணவர், வயதான மாமியார்? நாம் அந்தச் சத்தத்தைத் திட்டினோமா, கேட்டோமா?

இன்றைய முதல் வாசகத்தில் எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வென்றவர், ஈசபேலின் மிரட்டலுக்கு ஓடிப்போய், பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். வானதூதர் வருகிறார், ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் கொடுக்கிறார். சாப்பிட்டவர் மறுபடி படுக்கிறார், தூதர் தூங்க விடுகிறார். பிறகு எழுப்பி இன்னொரு தரம் சாப்பிடச் சொல்கிறார். ஆண்டவர் விசாரிக்கத் தொடங்குவது அதற்கெல்லாம் பின்னால், நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையின் குகைக்கு வந்து சேர்ந்த பிறகு. சோறு முதலில், கேள்வி பிறகு. நம் தம்பி பிளக்கை முதலில் பார்த்ததுபோல.

அந்தத் தம்பி பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுத் தன் உடம்பிலிருந்த மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, மூடியைத் திறந்தான். உள்ளே ஒரே தூசி. ஒரு கரப்பான்பூச்சி குடும்பத்தோடு பங்கு உறுப்பினராகவே இருந்திருக்கிறது. இரண்டு ரேம் பலகைகளையும் மெல்லக் கழற்றினான். அவற்றின் அடியில் பொன்முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. நம் ஊர் உப்புக்காற்று அவற்றின்மேல் படலம் போட்டிருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வள்ளத்து எஞ்சினை அது என்ன பாடு படுத்தும் என்று! பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரை எடுத்து அந்தப் பற்களை மெதுவாகத் துடைத்தான். ஒன்றை மட்டும் மாட்டிப் போட்டுப் பார்த்தான், பிறகு அடுத்ததை. ஒரே ஒரு குட்டி ஒலி, திரை வெளுத்தது. இரண்டு பலகையும் நல்ல பலகைதான். தொடவேண்டிய இடத்தில் தொடாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் நான் பயந்துபோயிருந்தேன். “இத்தனை வருஷப் பதிவும் போயிருச்சா தம்பி?” சிரித்தான். “அதெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு ஃபாதர். ரேம்ல இருக்கிறது கரண்ட் இருக்கிற வரைக்கும்தான்.” கைப்பட எழுதிய பேரேடு அலமாரியில் இருப்பதும் அந்தப் பதற்றத்தில் எனக்கு மறந்துவிட்டது.

பல ஆண்டுகளாகக் கோவில் படி ஏறாத ஒருவர் என்னிடம், “நமக்கும் ஆண்டவருக்கும் எல்லாம் அத்துப்போச்சு சாமி” என்றார். அற்றுப்போகாது, ஐயா. திருமுழுக்கு ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது என்று திருச்சபை கற்பிக்கிறது. அதனால்தான் அதை ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுப்பதில்லை. திரை கறுத்துக் கிடக்கும் ஆண்டுகளிலும் அது உள்ளே எழுதியபடியே இருக்கிறது. துடைக்க வேண்டியது ஒரு படலத்தை. அதற்குச் சனிக்கிழமை மாலையில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்; அங்கே யார் தலையிலும் தட்டமாட்டேன்.

அன்று அந்த அம்மாவுக்குச் சான்றிதழை அச்சடித்துக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அவர் போன பிறகுதான் கவனித்தேன், தேதி 2009 ஜனவரி 1! 2014 இல் திருமுழுக்குப் பெற்ற பையனுக்கு ஐந்து ஆண்டு முன்பே சான்றிதழ். தாய்ப்பலகையில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு, 3 வோல்ட். அது செத்துப்போனால் மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கணினி நாளை மறந்து, தனக்குள் பதிந்த பழைய தேதிக்கே போய்விடுகிறது. இணையதளங்களையும் அது திறக்க மறுத்தது. ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றுக்குக் காலவரம்பு இருக்கிறதாம். 2009 இல் நிற்கிற கணினிக்கு இன்றைய சான்று எதன்மேலும் நம்பிக்கை வருவதில்லை.

மனிதருக்கும் இப்படி நாள் நின்றுபோவதுண்டு. 2017 நவம்பர் 30. அன்று வீசிய ஒக்கிப் புயலைப் பற்றி இந்தக் கரையில் நான் விளக்க வேண்டியதில்லை. அதில் உறவை இழந்த சில வீடுகளில் கடிகாரம் அந்த நாளிலேயே நிற்கிறது. அந்த வீட்டாரைப் பார்த்து “இத்தனை வருஷம் ஆச்சே” என்கிறோம். கடிகாரத்தைத் திட்டி நேரம் சரியானது உண்டா? இறந்துபோன லாசருக்காக ஆண்டவரும் முதலில் அழுதார், பிறகுதான் அவரைக் கல்லறையிலிருந்து கூப்பிட்டார். அந்த வீட்டுத் திண்ணையில் போய்ச் சும்மா உட்காருங்கள். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். நம்மிடம் இருப்பது 3 வோல்ட்தான், அதையாவது கொண்டுபோவோம்.

கடைசி வரிசையில் இருக்கிற அம்மா, பேரனின் சான்றிதழைத் திரும்பக் கொண்டுவாருங்கள். புது பேட்டரி போட்டாயிற்று, சரியான தேதியோடு அடித்துத் தருகிறேன். இப்போது எல்லாரும் எழுந்து நின்று, நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.