விழும் கல்லும் வினையும்

கருங்கல் குவாரியில் பாறை சரிந்து ஒருவர் இறந்தால் அது விதியா, வினையா, வினை என்றால் கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாத இடத்தில் அது யாருடைய கணக்கில் சேரும் என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வியாகும். சென்னையை அடுத்த ஒரகடத்தின் ஆலைகளுக்கும் அவற்றை இணைக்கும் சாலைகளுக்கும் ஜல்லியும், எம்-சாண்ட் எனப்படும் நொறுக்கிய கல்மணலும் ஓயாமல் தேவைப்படுகின்றன. அதனால் மணிமங்கலத்தை அடுத்த எருமையூர் போன்ற ஊர்களில் குவாரிகளும் கிரஷர்களும் பெருகின. அங்கே இக்கேள்வி ஏட்டுக்குள் அடங்கி நிற்பதில்லை.

சென்னையின் தென்மேற்கே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் பாறை சார்னோகைட் எனப்படும். கொல்கத்தாவிலுள்ள, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டு 1893இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். இவ்வகைக் கடினப் பாறையைச் செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல் நிற்கும் என்பதே அதன் சிறப்பு, அதன் ஆபத்தும் அதுவே. வெடியின் அதிர்வு உள்விரிசல்களை மெல்ல அகலப்படுத்துவதும், மழைநீர் அவற்றினுள் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று நின்ற பாறை இன்றும் நிற்கும் என்ற நம்பிக்கை மட்டும் நாள்தோறும் வலுக்கிறது.

இந்த நம்பிக்கையை நம்பாதே என்று சொல்வதற்காகவே சட்டம் எழுந்தது எனலாம். வேலை செய்பவர் குவாரி என்றே அழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது சுரங்கம்தான். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் 1961இல் இயற்றப்பட்ட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், கடினப் பாறையைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்றும், பெஞ்ச் எனப்படும் ஒவ்வொரு படியின் உயரமும் 6 மீட்டரை மிஞ்சக் கூடாது, அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது என்றும் விதித்தன. மேலிருந்து பெயரும் கல் ஆள்மேல் விழாமல் இடையிலுள்ள படியில் தங்கும் என்பதே இதன் கணக்கு. 1966ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சி விதிகள், புதிதாகச் சேரும் தொழிலாளி முதலில் பயிற்சி பெற வேண்டும் என்றன. 2022 மே மாதம் திருநெல்வேலியை அடுத்த அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவு வேளையில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினர், 4 பேர் மாண்டனர். அந்தக் குழி ஏறத்தாழ 300 அடி ஆழம் கொண்டதாகச் சொல்லப்பட்டது. அத்தகைய ஆழத்தில் படியில்லாத சுவருக்கு அடியில் நிற்பது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பௌத்தத்தின் விடை எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. சேதனை எனப்படும் உள்நோக்கமே வினை என்பது புத்தரின் கொள்கை. பாலி விநய பிடகத்தில் இதற்கு வியக்கத்தக்க பொருத்தமுடைய வழக்கொன்று உண்டு: ஆளவி என்னும் ஊரில் பிக்குகள் கட்டட வேலை செய்கையில், கீழே நின்றவர் தூக்கிக் கொடுத்த கல்லை மேலே நின்றவர் சரியாகப் பற்றாததால் அது கீழே நின்றவர் தலையில் விழுந்து அவர் இறந்துபோக, கொல்லும் எண்ணம் இல்லாமையால் மற்றவர்மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பாகிறது. சங்கத்திலிருந்து ஒருவரை நீக்குவதா என்ற கேள்விக்கு இது நியாயமான விடையே. ஆனால் இதை அப்படியே குவாரிக்கு எடுத்துவந்தால் குத்தகைதாரர் முதல் வெடிவைப்பவர்வரை அனைவரும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறிவிடலாம். கவனத்தை உயர்ந்த அறமாகப் போற்றிய மரபு பௌத்தம் என்பதையும், தம்மபதத்தின் இரண்டாம் பகுதி அதற்கென்றே அமைந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அநீதியாகும்.

சமணம் வேறு திசையில் செல்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதத்தால், அதாவது கவனக்குறைவால், உயிருக்கு நேரும் கேடு என்றே சொல்கிறது. (தமிழில் இன்று ‘பிரமாதம்’ பாராட்டுச் சொல்லாகிவிட்டது. பிழை, அசட்டை என்ற பழைய பொருளுக்குத் திருக்குறளின் ‘பொச்சாப்பு’ நெருங்கிய சொல், அதுவும் வழக்கொழிந்தது.) வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தர், தம் பிரவசன சாரத்தில் இன்னும் ஓரடி முன்னே செல்கிறார்: உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி, நெறியோடு நடப்பவனுக்கு, அவன் காலடியில் ஓருயிர் மடிந்தாலும், அதனால் மட்டும் வினைக்கட்டு இல்லை.

பாதுகாப்புச் சட்டம் தன்னை அறியாமலே இந்தச் சமண நிலையில் நிற்கிறது. விபத்து நிகழாத நாளிலும் படி வெட்டாத குவாரி குற்றம் புரிந்ததாகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, விதிமீறல் நேர்ந்தால் உரிமையாளர், முகவர், மேலாளர் ஆகியோரையும் குற்றவாளிகளாகவே கொண்டு, உரிய கவனம் எடுத்ததை மெய்ப்பிக்கும் சுமையை அவர்கள்மேலேயே ஏற்றியது. எண்ணம் அங்கே விசாரிக்கப்படவில்லை, கவனம் விசாரிக்கப்பட்டது. இப்பார்வையில், நடக்காத பயிற்சிக்குப் பதிவேட்டில் கைநாட்டு வாங்குவது வெறும் தாள்குற்றமன்று, கல் அசையும் முன்பே நிகழ்ந்துவிட்ட இம்சையாகும்.

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. குந்தகுந்தர் பேசுவது தன் அடியைத் தானே எடுத்துவைக்கும் துறவியைப் பற்றி. குவாரியிலோ சுவரின் உயரத்தை முடிவு செய்பவர் ஒருவர், வெடி வைப்பவர் மற்றொருவர், லோடு கணக்கில் கூலி வாங்கி அடியில் நிற்பவர் இன்னொருவர். தலைக்கவசம் அணி, மேலே பார் என்று இந்த மூன்றாமவருக்குக் கற்பிப்பது தேவையே. ஆனால் நின்று மேலே பார்த்தால் லோடு குறையும் என்ற நிலையில் அவரை வைத்துவிட்டு அவர் கவனத்தைக் கேட்பது, முதலாமவரின் பிரமாதத்தை அவர் தலையில் இறக்குவதாகும். வினை செய்தவனையே சேரும் என்ற கோட்பாட்டில் பங்குபோட்ட அசட்டைக்குத் தெளிவான இடமில்லை. பதவியின் பெயரால் பொறுப்பைக் கட்டிவைத்த சட்டம் இதில் சமயத்தைவிடக் கூர்மையானது.

அந்தக் கூர்மையும் குத்தகைக்காலம் முடியும் நாளில் மழுங்கிவிடுகிறது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீர் 2017ஆம் ஆண்டு வறட்சியில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீரானது. அத்தகைய குழிகளில்தான் விடுமுறை நாள்களில் குளிக்க இறங்கும் இளைஞர்கள் மூழ்கவும் செய்கிறார்கள். விளிம்பில் வேலி இல்லாமை அங்கேயும் பிரமாதமே; ஆனால் அதை விதிப்படி அமைக்க வேண்டியவர் வேறு ஊரில் வேறு பாறையை வெட்டிக்கொண்டிருப்பார்.